வண்டியில் அண்ணன் பெயர்

இல்லை அப்பா, இன்னும் போகவில்லை. சார்ஜரை மாட்டிக் கொஞ்ச நேரமானதும் வண்டியின் அந்தத் துளையிலிருந்து சந்தன வாடை எழுகிறது. பிரஷ்ஷால் தேய்த்தேன். ஸ்பிரிட் விட்டுத் துடைத்தேன். துளையின் சாக்கெட்டையே மாற்றினேன். உறையின் அடியில் எங்கோ ஒட்டியிருக்க வேண்டும். சூடேறினால் வெளியே வருகிறது.

இன்று காலையிலும் மாட்டினேன். மாடி அறை முழுக்க அந்த வாடை. பூஜை முடிந்து எல்லோரும் போய்விட்ட வீடு மாதிரி.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து காரில் வருகிறான், வண்டியை எடுத்துப்போக. ஃபுல் சார்ஜ் போட்டு வை என்று செய்தி அனுப்பியிருந்தான். மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் சொல்ல வேண்டியது இருக்கிறது. நேரில் சொன்னால் "அப்புறம் பேசுவோம் பாப்பா" என்பீர்கள். இனி அப்படிச் சொல்ல உங்களால் முடியாது.

இழவுக்கு வந்தவர்களுக்கு வண்டியை விளக்கியது நான்தான். ஒரே சக்கரம். பாதம் வைக்கப் பக்கத்துக்கொரு பலகை. சீட் கிடையாது, ஹேண்டில்பார் கிடையாது. மேலே நின்றுகொண்டு முன்னால் சாய்ந்தால் ஓடும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். உள்ளே மோட்டாரும் பேட்டரியும். விழாமல் எப்படி நிற்கிறது என்று கேட்டார் ஒருவர். நிற்பதில்லை, விழப்போகும் பக்கம் முந்திக்கொண்டு ஓடுகிறது, அதனால் விழுவதில்லை என்றேன். உங்கள் தங்கை அழுகைக்கு நடுவில் நிமிர்ந்து, "ஒத்தக் கால்ல ஓடுறது குடும்பத்துக்கு ஆகாதுன்னு அன்னைக்கே சொன்னேன்" என்றார். நீங்கள் அதிலிருந்து விழுந்து சாகவில்லை. காபி கேட்டீர்கள். அம்மா ஆற்றிக் கொண்டுவருவதற்குள் நாற்காலியிலேயே தலை சாய்ந்திருந்தது. இதையும் நான்தான் எல்லோருக்கும் சொன்னேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. சக்கரம் கொன்றது என்பதுதான் அவர்களுக்கு வசதியாக இருந்தது.

வண்டி நம் வீட்டுக்கு வந்த கதையை நீங்கள் பலவிதமாகச் சொல்லியிருக்கிறீர்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. சென்னையில் தேடிப் பிடித்தது. நடந்தது இவ்வளவுதான்: மாடியில் குடியிருந்த ஐ.டி. கம்பெனிக்காரர் ஒரு மழையில் ரயில்வே பாலத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் அதை இறக்கிவிட்டார். அத்தோடு அது செத்தது. வேறு ஊருக்கு வேலை மாறிப் போகும்போது மாடிப்படிக்குக் கீழே போட்டுவிட்டு, "பழைய இரும்புக்குப் போட்ருங்க சார்" என்றார்.

நீங்கள் விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் இருந்த காலம். செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படித்த பிறகும் உங்களுக்குப் பகல் மிச்சமிருந்தது. நானும் வீட்டில்தான் இருந்தேன். இயற்பியலில் முதுகலை முடித்து, ஆராய்ச்சிக்கு இடமும் கிடைத்து, "மொதல்ல ஜாதகம் ஒண்ணு அமையட்டும்" என்று நீங்கள் நிறுத்திவைத்திருந்தீர்கள்.

படிக்கட்டின் கீழிருந்து அதை இழுத்தவர் நீங்கள். மறுக்கவில்லை. தூசியைத் தட்டி, "பாப்பா, இது என்னன்னு பாரு" என்றீர்கள்.

பார்த்தேன்.

உறையைக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருந்தது. தண்ணீர் தின்ற செம்பு. போர்டைக் கழுவினேன், காயவைத்தேன். வெந்துபோன டிரான்சிஸ்டர்களைப் பிடுங்கினேன். புதியவற்றுக்கு டவுன்ஹால் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கிடைக்காதவற்றை இணையத்தில் வரவழைத்தேன். பேட்டரிக் கட்டைப் பிரித்து ஒவ்வொரு செல்லாக அளந்து, செத்தவற்றைத் தள்ளிவைத்தேன். புதுச் செல்களைப் பற்றவைக்கும் கருவியைப் பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து தோழி இரவல் தந்தாள். நான் சேராமல் விட்ட இடத்தில் சேர்ந்தவள்.

நீங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். சால்டரிங் செய்யும்போது மின்விசிறி ஓடக்கூடாது என்று சொல்லியிருந்தேன். செய்தித்தாளை மடித்து என் முதுகுக்கு மட்டும் விசிறினீர்கள். காற்று கைப்பக்கம் வந்துவிடாமல், கவனமாக. இதையும் எழுதத்தான் வேண்டும். முழுக்க உங்களைத் திட்டிவிட முடிந்தால் எனக்குச் சுலபமாக இருக்கும்.

மோட்டாரைச் சோதிக்கச் சக்கரம் தரையில் படாமல் சுழல வேண்டும். மாடி அறையின் கூரையில் ஒரு கொக்கி இருக்கிறதே. அண்ணனுக்குப் பிள்ளை பிறந்தால் தூளி கட்ட என்று, வீடு கட்டும்போதே கொத்தனாரிடம் சொல்லி நீங்கள் போட்டது. அம்மாவின் பழைய சேலையை அதில் கட்டி வண்டியை உள்ளே கிடத்தினேன். டீ கொண்டுவந்த அம்மா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"பேரப்பிள்ள கெடக்க வேண்டிய தூளியில சக்கரத்தப் போட்டு ஆட்டுறீகளே, அப்பனும் மகளும்."

"இது அழுகாதுல்ல. பால் கேக்காதுல்ல" என்றீர்கள்.

ஸ்விட்சை அழுத்தினேன். சக்கரம் ஒருமுறை உதறியது. பிறகு சுழன்றது. தூளிச் சேலையின் முந்தானையை உள்ளே இழுத்து நார் நாராகக் கிழித்தது. நீங்கள் கைதட்டினீர்கள். அம்மா கிழிந்த சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பல்பு மாத்தத் தெரியாத மனுசன், கை மட்டும் நல்லாத் தட்டுறாரு" என்று சொல்லிவிட்டு டம்ளர்களை வைத்துவிட்டுப் போனாள்.

முதலில் ஓட்டக் கற்றுக்கொண்டதும் நான்தான். ஓட்டிப் பார்க்காமல் அதன் சமநிலையைச் சரிசெய்ய முடியாது. மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். பிறகு பிடிக்காமல் சுற்றினேன். பிறகு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி எட்டு போட்டேன். நீங்கள் படிவாசலில் நின்றீர்கள். என்னைப் பார்ப்பதற்காக இல்லை. பக்கத்து மாடிகளிலிருந்து யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பதற்காக.

"மாடியோட வச்சுக்க பாப்பா. ரோட்டுல வேண்டாம்."

ஏன் என்று கேட்டேன். பொம்பளப் பிள்ளை தெருவில் நெட்டுக்க நின்றுகொண்டு போனால் நன்றாகவா இருக்கும் என்றீர்கள். ஸ்கூட்டியில் உட்கார்ந்து போகலாம். நின்று போகக் கூடாது. அப்படி ஒரு விதியை அதுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்த நிமிடத்தில்தான் அதை உண்டாக்கினீர்கள் என்று நினைக்கிறேன்.

நம் ஆனையூரில் விழுந்தால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று உங்களுக்குக் கீழக்குயில்குடி சாலையில் வைத்துக் கற்றுக்கொடுத்தேன். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் வண்டியை இடுக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போவோம். மலைக்கு இந்தப் பக்கம், ஆள் நடமாட்டம் குறைந்த தார்ச்சாலை. உங்கள் வலது கை என் இடது தோளில். கை மட்டுமில்லை, உடம்பு மொத்தமும்.

"விட்றாத பாப்பா."

"விடல. கீழ பாக்காதீங்க. தூரமாப் பாருங்க. மலையப் பாருங்க."

மலையைப் பார்த்தீர்கள். விழுந்தீர்கள். எழுந்து நின்று பேன்ட்டைத் தட்டிவிட்டு, ரோடு சரியில்லை என்றீர்கள். ஆடு மேய்க்க வந்த பெண் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இது எந்தச் சாமிக்கு வேண்டுதல் என்று கேட்டாள். இப்போதும் மாடியில் ஓட்டும்போது என் இடது தோள் சற்றுத் தாழ்ந்துதான் இருக்கிறது. வண்டி அந்தப் பக்கம் இழுக்கிறது. போனிலிருக்கும் வண்டியின் ஆப்பில் அதைத் திருத்திவிடலாம். திருத்தவில்லை.

ஒரு சாயங்காலம் என் தோளிலிருந்து உங்கள் கை விலகியது. திருப்பம் வரைக்கும் போனீர்கள். தனியாக. திரும்பி வரும்போது உங்கள் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சிரிப்பு. வாயை மூடத் தெரியாத சிரிப்பு. இறங்கியதும் ஆட்டுக்காரப் பெண்ணிடம் போய், "பாத்தியாம்மா, பாத்தியா?" என்று கேட்டீர்கள்.

அவளிடம் கேட்டீர்கள்.

ஓட ஆரம்பித்ததும் அழகுபடுத்தினோம். நீல வண்ணத்தை மாடியில் வைத்து ஸ்பிரே அடித்தேன். கைப்பிடிச் சுவரில் வண்டியின் விளிம்பு இன்னும் நீலப் புகையாகத் தெரிகிறது. கால் முட்டி அணைக்கும் பக்கங்களுக்கு ஆட்டோ சீட் தைப்பவரிடம் ரெக்சின் மெத்தை தைத்து வாங்கினேன். அவர் வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பேசஞ்சர் எங்கிட்டு ஏறுவாக?" என்றார். பாதப் பலகையில் வழுக்காமலிருக்க உப்புத்தாளை வெட்டி ஒட்டினேன். எல்லாம் முடிந்த அன்று நீங்கள் ஆனையூர் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்து ஸ்டிக்கர் கடைக்குப் போய் ஒரு சுருளோடு வந்தீர்கள்.

அண்ணன் பெயர். மஞ்சள் எழுத்தில், நிழல் வைத்து.

உங்கள் முதல் மொபெட்டில் அவன் பெயர். பிறகு வந்த ஸ்கூட்டரில் அவன் பெயர். வீட்டின் நெற்றியில் சிமெண்ட்டில் அவன் பெயரோடு 'இல்லம்'. சின்ன வயதில் மொபெட்டின் கம்பெனிப் பெயரே அதுதான் என்று நினைத்திருந்தேன். இதெல்லாம் எல்லா வீட்டிலும் இருப்பதுதான். நம் தெருவில் ஒரு பெண் பிள்ளையின் பெயரில் ஓடுகிற வண்டி எதுவும் இல்லை. அதனால் எனக்கு அன்றுவரை உறுத்தியதில்லை.

சுருளை என்னிடம் நீட்டினீர்கள்.

"நீயே ஒட்டு பாப்பா. உன் கைதான் ஆடாது."

ஒட்டினேன். சோப்புத் தண்ணீர் தெளித்து, காற்றுக் குமிழ் இல்லாமல், கோணல் இல்லாமல். உங்களுக்குத் தெரியும் நான் கோணலாக ஒட்ட மாட்டேன் என்று.

ஆயுத பூஜைக்கு வண்டியை நடு ஹாலில் வைத்து மாலை போட்டீர்கள். சந்தனமும் குங்குமமும் எங்கே வைப்பது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தீர்கள். ஹெட்லைட் இல்லை, ஹேண்டில் இல்லை. முன்பக்கத்தில் வட்டமாக ஒரு சின்னக் குழி தெரிந்தது. பொட்டு வைப்பதற்கென்றே செய்த இடம் போல. சந்தனத்தைக் குழைத்து அதை நிரப்பி, நடுவில் குங்குமம் வைத்தீர்கள். அது சார்ஜ் ஏற்றும் துளை. நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். அம்மா சார்ஜர் முனையை அழுத்தி மாட்டியபோது வந்த சத்தத்தில்தான் ஓடிவந்தேன். புகை. உருகிய பிளாஸ்டிக். சந்தனம்.

திரும்பவும் பிரித்தேன். திரும்பவும் டவுன்ஹால் ரோடு. தெருவில் கேட்டவர்களிடம், "கண்ணு பட்டுருச்சு" என்றீர்கள். "எலுமிச்சம்பழத்து மேலயும் ஏத்திருக்கணும், விட்டுட்டேன்." யார் சரிசெய்தது என்று அவர்கள் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

சரியானதும் தினமும் காலையில் டீக்கடைக்கு அதில்தான் போனீர்கள். கடையில் இறங்கும்போது நாலு பேர் எழுந்து பார்த்தார்கள். ஒத்தச் சக்கர சார் என்று பெயர் வந்தது. ஊரில் விசித்திரமாக எது கண்டாலும் படம்பிடித்து யூடியூபில் போடும் ஒருவர் கேமராவோடு வீட்டுக்கு வந்தார்.

அன்றைக்கு நீங்கள் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தீர்கள். உங்கள் பக்கத்தில் வண்டி. இதை எப்படி சார் உருவாக்கினீங்க என்று அவர் கேட்டார். நான் வாசல் ஓரத்தில் சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"எல்லாம் நம்மளே உக்காந்து செஞ்சதுதான். பையன் பெங்களூர்ல இன்ஜினியர். அவன் போன்ல வழி சொல்லுவான். நான் செய்வேன். அம்புட்டுதான்."

அப்படிச் சொல்லும்போது உங்கள் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. ஒத்திகை பார்த்த குரல். அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. நீங்கள் போன பிறகு சொந்தக்காரர்கள் எல்லோரும் அஞ்சலி என்று அதைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் அனுப்புகிறார்கள். ஓரத்தில் ஒரு கை தெரியும். சார்ஜரைப் பிடித்த கை. முகம் படச்சட்டத்துக்கு வெளியே.

அவர் போன பிறகு கேட்டேன். நீங்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள்.

"உன்னச் சொல்லலாம். நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் அதப் பாத்துட்டு என்ன நெனப்பான்? கையில சூட்டுக்கோல வச்சுக்கிட்டு உக்காந்திருக்குற புள்ளைய எவன் கட்டுவான்? உன் நல்லதுக்குத்தான் பாப்பா."

நல்லது. அந்த வீடியோவுக்குப் பிறகு மூன்று வீட்டார் வந்து என்னைப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் நீங்கள் அவர்களை மாடிக்கு அழைத்துப்போய் வண்டியைக் காட்டினீர்கள். நான் கீழே காபித் தட்டோடு நின்றேன். அவர்கள் இறங்கி வரும்போது உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

கருமாதியன்று மாமா அண்ணனுக்கு உருமா கட்டினார். புதுத் துண்டைத் தலையில் சுற்றி, இனி நீதான் இந்த வீட்டுக்கு என்று சபையில் சொல்லி, உங்கள் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். கைக்கடிகாரம். மூக்குக் கண்ணாடி. பிறகு வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தவர்கள் அதைச் சபை நடுவில் நிறுத்தினார்கள். அணைத்து வைத்த வண்டி எப்படி நிற்கும்? மாமாவின் காலில் சாய்ந்தது.

"சாவி எங்கப்பா இதுக்கு?" என்றார் மாமா, காலை உருவிக்கொண்டே.

சாவி கிடையாது, போனில் கடவுச்சொல் போட வேண்டும் என்று சொன்னேன். கூட்டத்தில் யாரோ, சாவி இல்லாத வண்டிய எப்பிடிக் கையில குடுக்குறது என்று முனகினார். கடைசியில் மாமா அண்ணனின் கையைப் பிடித்து அவன் பெயர் இருக்கும் இடத்தில் வைத்து, "இது உன்னுது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் குனிந்து வண்டியைத் தூக்கி ஓரமாக வைத்தேன். அந்த வீட்டில் அதை ஒற்றைக் கையால் தூக்கத் தெரிந்தவள் நான் மட்டும்தான்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் கூப்பிட்டான். சார்ஜ் ஏறிவிட்டதா என்று கேட்க. அவன் கெட்டவனில்லை, அப்பா. ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறானாம். மேலே ஒரு சின்ன விளக்கு. அப்பா தன் கையால் செய்தது என்று ஒரு பலகை. ஓட்டக் கற்க எவ்வளவு நாள் ஆகும் என்றுகூடக் கேட்டான். பிறகு, "பாஸ்வேர்ட அனுப்பு. அப்பா என்ன வச்சிருந்தாரு?" என்றான்.

"அப்பா வைக்கல. நான் வச்சேன்."

"சரி, நீ வச்சத அனுப்பு."

"அண்ணே, இத யாரு செஞ்சதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

 அவன் பக்கமிருந்து பெங்களூரின் ஹாரன் சத்தம்.

"தெரியும்" என்றான். "வீடியோ வந்தப்பவே தெரியும். எனக்கு ஸ்க்ரூவ எங்கிட்டுத் திருப்புறதுன்னே தெரியாது. அப்பா சந்தோசமா இருக்காரேன்னு விட்டுட்டேன்."

உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். தெரியாதவர் யாராவது ஒருவர் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கசந்திருக்காது.

"ஞாயித்துக்கிழம நீ வா" என்றேன். "கறி எடுத்துச் சமைப்போம். வண்டி உன்கூட வராது."

"அப்பா நெனப்பா எனக்கு ஒண்ணு வேண்டாமா?"

"வாட்ச் இருக்கு. வீடு இருக்கு. வீட்டு நெத்தியில உன் பேரும் இருக்கு."

"உருமாக்கட்டுல மாமா குடுத்தது. நாளைக்கு அவரு கேப்பாரு."

"என்னைக் கேக்கச் சொல்லு."

வைத்துவிட்டான். கோபமாகவா, நிம்மதியாகவா, தெரியவில்லை. துணி எடுக்க வந்த அம்மா படிவாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க கேட்டா என்னத்தச் சொல்றது?" என்றாள்.

"நாந்தான் செஞ்சேன்னு சொல்லும்மா."

அம்மா கொடியிலிருந்த துணிகளை உருவித் தோளில் போட்டுக்கொண்டு கீழே போனாள். அவளும் உங்களோடு சேர்ந்து பேசாமல் இருந்தவள்தான். அவளோடு பேச இன்னும் நாள் இருக்கிறது.

அண்ணன் பெயரைப் பிய்க்கப்போவதில்லை. இழுத்தால் வண்ணமும் சேர்ந்து வரும். அது நான் அடித்த வண்ணம்.

மற்றவர்கள் உங்கள் படத்துக்கு மாலை போடுகிறார்கள், வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறார்கள். என்னிடம் இருப்பது கோபம்தான். அதைக் கழுவி, துடைத்து, கெடாமல் வைத்திருக்கிறேன். இதுவும் நீங்கள் கொடுத்ததுதான். இதற்கு மட்டும் அண்ணன் பங்குக்கு வரமாட்டான்.

சார்ஜரைக் கழற்றினேன். டயரில் காற்று குறைவாக இருந்தது, அடித்தேன். வண்டியைக் கீழே இறக்கி, கேட்டைத் திறந்து, அதில் போய்ப் பால் வாங்கி வந்தேன்.